மூன்றாவது வரிசையில் ஒரு கை

இன்றைக்கும் அந்தக் கை எழுந்துவிட்டது.

மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். வேறு யார், வாலுதான். எதிர்வீட்டு பிளம்பரின் மகள். முதல் நாளைத் தவிர தினமும் இதே கூத்து.

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெரியம்மா என்றால் யாருக்கும் சொந்தப் பெரியம்மா இல்லை. கோடை முகாமில் பெண் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவளுக்கு அங்கே அதுதான் பெயர்.

பள்ளி விடுமுறை விட்டால் போதும், வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து இளைஞர் கூட்டம் வந்து இறங்கிவிடும். பகலெல்லாம் பிள்ளைகளோடு நீச்சல், பந்து, பாட்டு. சாயங்காலம் கூடத்தில் இயேசுவைப் பற்றிப் பேச்சு. பேசுகிறவன் அந்தக் கூட்டத்திலேயே சின்னவன், நெடுநெடுவென்று வளர்ந்தவன். பிள்ளைகளுக்கு அவன் நெட்டை அண்ணன். அவன் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் நம் பேச்சில் சொல்லிக்கொண்டே வருவார். கடைசியில் இது வரும்:

"எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்கக் கூடாது. இயேசுவை ஏத்துக்கிறவங்க மட்டும் கையைத் தூக்குங்க."

பெரியம்மா மூட மாட்டாள். பிள்ளைகள் பொறுப்பு தன்னுடையது என்று அதற்கு ஒரு சாக்கு வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், யார் கை எழுகிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தலையே வெடித்துவிடும். வரிசை வரிசையாகக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வாலுவின் வீட்டில் கும்பிடுகிற சாமி வேறு. பெண் நீச்சல் கற்றுக்கொள்ளட்டுமே என்றுதான் பிளம்பர் அனுப்பச் சம்மதித்தார். பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"பேச்சைக் கேக்கட்டும், பாட்டுப் பாடட்டும். ஆனா எங்க சாமிகிட்டேருந்து அவளைப் பிரிச்சிடாதீங்க அக்கா."

"அதுக்கு நான் பொறுப்பு தம்பி. கவலைப்படாம போங்க."

வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. கொடுத்துவிட்டாள் வாக்கு.

முதல் நாள் ஒரு கைகூட எழவில்லை. பெரியம்மா ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள்தான், ஆனாலும் அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டாள். மறுநாளிலிருந்து பிடித்தது வினை. ஆண்டவரே, உமக்கு ஒரு பிள்ளை கை தூக்கினதுக்கு நான் பயப்பட வேண்டியதாப் போச்சே என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டாள்.

கூடம் கலைந்ததும் குழுத் தலைவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். நாளைக்கு நிறைவு விழாவில் அந்தப் பெண்ணை மேடை ஏற்றி நாலு வார்த்தை பேச வைக்கப் போகிறாராம். எத்தனை பேர் இருந்தும் விடாமல் தூக்கினது அவள் ஒருத்திதானே, என்ன விசுவாசம் பாருங்கள் என்று மெச்சிக்கொண்டே போனார்.

பெரியம்மாவுக்குக் கண்ணைக் கட்டியது. விழாவுக்கு பிளம்பர் வருவார், பெண் பேசுவதைப் பார்ப்பார். அவர் முகத்தில் அப்புறம் எப்படி முழிப்பது? தினமும் கதவைத் திறந்தால் எதிரே அவர் வீடுதானே.

அதற்கும் மேலே ஒரு கேள்வி அவளை அரித்தது. இவள் ஏன் தூக்குகிறாள்? தூக்கினால் பரிசு கிரிசு எதுவும் கிடையாது. பாட்டு நேரத்தில் பக்கத்துப் பெண்ணின் பின்னலைப் பிடித்து இழுப்பாள். பேச்சு நேரத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி கொட்டாவி விடுவாள். பக்தி வந்த அடையாளம் மருந்துக்கும் இல்லை.

பல் தேய்க்கிற குழாயடியில் வாலு தனியாக மாட்டினாள். பெரியம்மா முதலில் நயமாகத்தான் ஆரம்பித்தாள். யாராவது தூக்கச் சொன்னார்களா என்று கேட்டாள். இல்லை. விளையாட்டா? அதுவும் இல்லை.

"அப்போ நிஜமாவே மனசு மாறிட்டியா?"

"ஐயோ, இல்ல பெரியம்மா. எங்க சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் தூக்கறேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"இது சும்மா, கோவிச்சுக்காதேன்னு."

பெரியம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் ஜெயித்தது. கடவுள் விஷயத்தில் பொய்யா, நாளைக்கு மேடையில் அப்பா முன்னால் நின்று என்ன சொல்வாய், நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

வாலு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"முதல் நாள் யாருமே தூக்கல பெரியம்மா. நெட்டை அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டாரு. அப்புறம் உதட்டைக் கடிச்சுக்கிட்டு அழுதாரு. சாப்பிடக்கூட வரல. பாவமா இருந்துச்சு. ஒரு கை தூக்கினா போதும், சிரிச்சிடறாரு."

"கண்ணை மூடுன்னா மூட மாட்டியா? நீ எப்படி அதெல்லாம் பாத்தே?"

வாலு அவளை வியப்பாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் கண்ணைத் தொறந்துதானே வச்சிருந்தீங்க... அவர் அழுததை நீங்க பாக்கலையா?"