ஆறு மணிக் கோளாறு

கேபிள் டெஸ்டரில் எட்டுப் பச்சை விளக்குகளும் வரிசையாக எரிந்தன. இரண்டு நாள் வேலை முடிந்தது.

வாசல் அறையில் இருக்கும் ரௌட்டரிலிருந்து கூடத்து ஸ்பீக்கர் வரை எழுபது அடி கேபிள். கதவைச் சுற்றி வளைந்து, அலமாரிக்குப் பின்னால் புகுந்து, ஓரிடத்தில்கூடக் கண்ணில் படாது. எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

வீட்டுக்காரர் பாட்டுப் பைத்தியம். பாடுபவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய ஸ்பீக்கர்கள். ஆனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு நின்றுவிடுமாம். ரிமோட்டை அழுத்தினால் ஓடுமாம், மறுபடி நிற்குமாம். நாலைந்து தடவை மல்லுக்கட்டினால் அப்புறம் வழிக்கு வந்துவிடுமாம்.

"எல்லாரும் வீட்டுக்கு வர்ற நேரம். ஆளாளுக்கு வைஃபையைப் போட்டு இழுக்கிறாங்க. வயர் போட்டுட்டா எவன் கை வைக்க முடியும்?" என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஐந்தரைக்குப் பாட்டைப் போட்டோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி டீயை வைத்துவிட்டு, "இனிமே இவர் எங்க மனுஷங்களோட பேசப்போறார்" என்று சிரித்தார்.

ஆறு மணி தாண்டி இரண்டு நிமிடம். பாட்டு நின்றது.

எனக்கு மானமே போய்விட்டது. டெஸ்டரை மறுபடி மாட்டினேன். எட்டு விளக்கும் எரிந்தன. கேபிள் மேல் குற்றமில்லை.

அவர் ரிமோட்டை எடுத்தார். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அடுப்படியில் சார்ஜில் கிடந்த அவருடைய போனை வாங்கிப் பாட்டு ஆப்பைத் திறந்தேன். மகள் எப்போதோ போட்டுக் கொடுத்த ஆப்; ஸ்பீக்கரில் ஓடுவதும் அதே கணக்கில்தான். அவருக்கு ரிமோட் போதும், இதை அவர் திறந்ததே இல்லை.

திரையில் ஒரு வரி இருந்தது. இந்தக் கணக்கில் இப்போது வேறொரு போனில் பாட்டு ஓடுகிறதாம். அந்தப் போனின் பெயர் 'சிட்டு'.

"சிட்டு யாரு சார்?"

மனைவிதான் சொன்னார். மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவாராம். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் போய் இரண்டு வருடம். அன்றிலிருந்து இந்த வீட்டோடு பேச்சே இல்லை. அவளும் கூப்பிடவில்லை, இவரும் இறங்கி வரவில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவள் அந்தக் கணக்கை மட்டும் விடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் ஓடும் கணக்கு. அவள் அங்கே போட்டால் இங்கே நின்றுவிடும்.

"பாஸ்வேர்டை மாத்திடலாமா சார்? ரெண்டு நிமிஷ வேலை." கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான் இங்க திருப்பிப் போட்டா, அங்க நின்னுடுமா?" என்றார் அவர்.

"ஆமா சார்."

தினமும் நாலைந்து தடவை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ரிமோட்டை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார். "கேக்கட்டும். இன்னிக்காவது முழுசா கேக்கட்டும்."

மூன்று பேரும் பேசாத ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் வேலை முடிந்துவிட்டது, கிளம்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

பத்து நிமிடம் போயிருக்கும். என் கையிலிருந்த அவருடைய போன் அடித்தது. சிட்டு. அந்தப் பெயரை அவரும் அழிக்கவில்லை.

நீட்டினேன். அவர் வாங்கி அவசரமாக அழுத்தியதில் ஸ்பீக்கர் பட்டனும் சேர்ந்து அழுந்திவிட்டது. கூடம் முழுக்கக் கேட்டது.

"அப்பா, உடம்புக்கு ஒன்னும் இல்லையே? இன்னிக்கு ஏன் நீங்க என் பாட்டை நிறுத்தவே இல்ல?"