எட்டடித் தாழ்வாரம்

“வாசல் தாழ்வாரம் ஆறடி அகலத்துலயா? ஆடுற நாற்காலியப் போட்டா முழங்கால் கிராதியில இடிக்கும். எதிர்வீட்டு ஜெரால்டின் தாழ்வாரம்னு ஒரு கோழிக்கூண்டு கட்டி வச்சிருக்காளே, அது மாதிரியா எனக்கும் வேணும்? எட்டடி போடுப்பா” என்றாள் லவோன்.

தச்சர் ஹார்லன் வரைபடத்தைத் திருத்தினார். “சரிங்க மேடம்.”

“பைன் மரம் வேண்டாம். நம்ம ஜார்ஜியா மழைக்கு உளுத்துப்போகும். சைப்ரஸ் போடு. உள்கூரைக்கு வெளிர் நீலம் அடிச்சிடு, பேய் அண்டாது. எவ்வளவு ஆகும்?”

“இருபதாயிரம் டாலர்.”

“பன்னிரண்டு. அதுக்கு மேல ஒரு காசு தரமாட்டேன்.”

“சரிங்க மேடம்.”

பிழைக்கத் தெரியாத மடையன் என்று லவோன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

வேலை முடிந்த அன்று பணத்தைக் கொடுத்துவிட்டு, புதுத் தாழ்வாரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். “இனி அந்த ஜெரால்டின் இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரியட்டும்!”

ஹார்லன் தன் வண்டியில் ஏறாமல் தெருவைக் கடந்தார்.

“அங்க எதுக்குப்பா போற?”

“மீதி எட்டாயிரத்த வாங்கத்தான் மேடம். ‘காலையில காபியும் கையுமா வந்து உட்கார்ந்தா அவ வீட்டு மூஞ்சியப் பார்க்கச் சகிக்கல. அவ என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிக் கட்டிக் குடு, மிச்சத்த நான் தர்றேன்’னு அந்தம்மாதான் சொன்னாங்க.”

எதிர்த் தாழ்வாரத்திலிருந்து ஜெரால்டின் கையசைத்தாள். தாழ்வாரத்திலிருந்து ஒருவர் கையசைத்தால், பதிலுக்கு அசைக்காமல் இருப்பது அந்த ஊரில் பெரிய மரியாதைக் குறைவு.

பல்லைக் கடித்துக்கொண்டு லவோனும் கையசைத்தாள்.