மேல் விளக்கு

“கேப்டன், ரெண்டு விளக்கும் ஒண்ணுமேல ஒண்ணா கோடு போட்ட மாதிரி நிக்குது. அப்புறம் எப்படிப் பாறை உரசுது?”

தீவிலிருந்த மீன் ஆலையில் வேலை முடிந்து திரும்பும் பதினான்கு பெண்களில் வாயாடி ஒருத்தி கேட்டாள். படகுக்காரியை அவர்கள் கேலியாகக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கேப்டன் துடுப்பைப் பாறையில் ஊன்றி உந்தி, படகைப் பின்னால் எடுத்தாள். இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

துறைக்குள் நுழைய ஒரே வழி, இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள குறுகலான இடைவெளி. இருட்டில் பாறைகள் தெரியாது. ஆனால் துறையில் ஒரு விளக்கு எரியும், அதற்குப் பின்னால் மேட்டில் இன்னொன்று. கடலிலிருந்து பார்க்கும்போது மேல் விளக்கு கீழ் விளக்கின் தலைக்கு நேராக நின்றால், படகு இடைவெளிக்கு நேராக வருகிறது என்று அர்த்தம். மேல் விளக்கு இடப்பக்கம் நழுவினால் படகும் இடப்பக்கம் நழுவிவிட்டது. கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் போதும். அவ்வளவுதான் கணக்கு. ஒன்பது வருஷமாக அவள் தன் கண்ணைவிட இந்தக் கோட்டைத்தான் நம்பினாள்.

“பாறை நகர்ந்திருக்குமோ?” என்றாள் இன்னொருத்தி.

“பாறைக்கு என்ன, கால் முளைச்சிருக்கா?”

“அப்ப விளக்குக்குத்தான் முளைச்சிருக்கு!”

எல்லோரும் சிரித்தார்கள். படகுக்காரி சிரிக்கவில்லை. நாளைக்கு அலை கொஞ்சம் பெரிதாக இருந்தால், உரசல் இடியாகும். இடித்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் சாயங்காலம் மேட்டுத் தெருவுக்கு ஏறினாள். ஒன்பது வருஷத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்து வீடு அவளுடைய அக்காவின் வீடு.

அப்போதெல்லாம் கீழ் விளக்கு மட்டும்தான். அதை மட்டும் பார்த்து அவள் ஓட்டிவந்த ஓர் இரவில் படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. படகில் இருந்த அத்தான் கரை சேரவில்லை. “என் புருஷனைக் கொண்டுபோய்க் கொன்னுட்டு என் வாசல்ல வந்து நிக்கிறியா? இனிமே என் மூஞ்சில முழிக்காதே!” என்று அக்கா கதவைச் சாத்தினாள். இவளும் முழிக்கவில்லை. அடுத்த மாதமே மேட்டில் விளக்கு எரிந்தது. ‘ஒரு உசுரு போன பிறகுதான் ஊருக்குப் புத்தி வந்து தொட்டியில விளக்கு போட்டாங்க’ என்று படகுக்காரி சொல்லாத ஆளில்லை.

தொட்டிக்காரர் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தொட்டி விளக்கை இடம் மாத்தினீங்களா?”

“எந்த விளக்கு? இங்க ஒண்ணு போடுங்கன்னு மனு எழுதி எழுதி என் கை தேஞ்சதுதான் மிச்சம். ராத்திரியில டார்ச்சை வாயில கவ்விக்கிட்டுல்ல வால்வு திருகறேன்! நீ சொல்றது அந்த மாடி விளக்கா இருக்கும்.”

அவர் விரல் நீண்ட பக்கம் அக்கா வீடு இருந்தது.

வெகுநேரம் தயங்கிவிட்டுக் கதவைத் தட்டினாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா மகள் திறந்தாள்.

“சித்தி!” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மாவுக்குப் பக்கவாதம். எட்டு நாளாச்சு. வலப்பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு. சொல்லி அனுப்பினா அம்மாவுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு…”

“மாடியில ராத்திரி விளக்கு எரியுதே, அது எதுக்கும்மா?”

“யாருக்குத் தெரியும்? அப்பா போனதுலேருந்து அம்மா தினமும் போடுவாங்க. கேட்டா, ‘உன் வேலையைப் பாரு’ம்பாங்க. அதான் நானும் விடாம போடறேன். ஆனா விளக்கு இருந்த ஜன்னலோரம்தான் கட்டில். கண்ணு கூசுமேன்னு பக்கத்து ஜன்னலுக்கு மாத்திட்டேன்.”

மாடி அறையில் கடலைப் பார்த்து இரண்டு ஜன்னல்கள், பத்தடி தள்ளித் தள்ளி. கட்டிலில் அக்கா கண்மூடிக் கிடந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் படகுக்காரி தலைமாட்டு ஜன்னலருகே போய் நின்றாள். கீழே துறை விளக்குக் கம்பம். அதற்கு நேர் பின்னால், ஊசியில் நூல் கோத்ததுபோல், பாறைகளுக்கு நடுவே அந்த இடைவெளி. அடுத்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கம்பத்துக்கு நேரே பாறைதான் நின்றது. இங்கே பத்தடி நகர்ந்தால், அங்கே கடலில் நாற்பதடி விலகும்!

தற்செயலாக அமைந்த கோடு என்று எண்ணியபடி கையை ஜன்னல் திட்டில் வைத்தாள். அங்கே சிவப்புச் சாயத்தில் ஒரு வட்டம் வரைந்திருந்தது. விளக்கின் அடிப்பாகம் ஒரு விரற்கடைகூட நகராமல் உட்கார்வதற்கான வட்டம்.

“பாருங்க சித்தி, மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க,” என்றாள் மகள். “இருட்டினா போதும், இப்படித்தான். ஜன்னலைத் திறந்தாலும் போதலை, மூடினாலும் போதலை. காத்து வேணுமா, தண்ணி வேணுமா, ஒண்ணும் புரியலை.”

அக்காவின் இடது கை எழுந்து அந்த வட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

“காத்தும் இல்ல, தண்ணியும் இல்லம்மா. விளக்கு இங்கதான் இருக்கணும்,” என்று படகுக்காரி பக்கத்து ஜன்னலிலிருந்து அதைத் தூக்கிவந்து சிவப்பு வட்டத்துக்குள் வைத்து எரியவிட்டாள். அக்காவின் கை கீழே இறங்கியது.