பத்தும் உயிரோடு

"கையைத் திற, அய்யாவு!"

ஜூடித் அவரை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை.

அய்யாவு விரித்த வலது கையில் மூன்று மண்புழுக்கள் நெளிந்தன. இடது கையிலிருந்த காகிதத்தில் மூன்று, செத்துச் சுருங்கியவை. எதிரே நாலாம் பெட்டி திறந்து கிடந்தது.

ஜூடித்தின் சோதனைக்கூடத்தில் புழுக்களைப் பராமரிப்பவர் அவர்.

பெங்களூர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்தபின் அடியில் கசடு மிஞ்சும். அதைக் காயவைத்துத் தோட்டங்களுக்கு எருவாகக் கொடுக்கலாமா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. நாலு பெட்டி. முதல் பெட்டியில் வெறும் மண். அடுத்தடுத்த பெட்டிகளில் கசடு கூடிக்கொண்டே போகும். பெட்டிக்குப் பத்துப் புழு. பதினாலாம் நாள் எண்ண வேண்டும். எவ்வளவு செத்திருக்கிறதோ அவ்வளவு விஷம்.

இரண்டு மாதம் முன்பு எண்ணியபோது நாலு பெட்டியிலும் பத்தும் உயிரோடு இருந்தன. 'விஷமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரமே ஏரிக்கரைக் கீரைத் தோட்டங்களுக்கு லாரிகள் கிளம்பிவிட்டன. இப்போது நடப்பது அடுத்த லோடுக்கான சோதனை.

"போன தடவையும் மாத்தினியா?"

"ஆமா மேடம்."

"எத்தனை செத்திருந்தது?"

"நாலாம் பெட்டியில ஏழு. மூணாம் பெட்டியில நாலு."

ஜூடித் அவரை டைரக்டர் அறைக்கு அழைத்துப் போனாள்.

டைரக்டர் பாலசுப்ரமணியன் விசாரிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"லாரி கான்ட்ராக்டர் மஞ்சுநாத் எவ்வளவு குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கலீங்க சார்."

"பரீட்சையில ஆள்மாறாட்டம் பாத்திருக்கேன். புழுவுக்கு ஆள்மாறாட்டம் பண்ணினவன் நீ ஒருத்தன்தான்யா! பதினோரு வருஷம் கூலி குடுத்த எடத்துலயே இதைப் பண்ணியிருக்கியே. எதுக்குப் பண்ணினே? சொல்லு!"

அய்யாவு ஜூடித்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

வாட்ச்மேன் அவருடைய பையை மேஜையில் கவிழ்த்தான். காலி டிபன் டப்பா, ஒரு சீப்பு, ஈரத்துணியில் சுற்றிய தண்டுக்கீரைக் கட்டு. அவ்வளவுதான்.

"பணம் வீட்டுல இருக்கும். நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே. ஜூடித், லஞ்சம் வாங்கிட்டுப் பண்ணினான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். வேறு என்ன செய்வது? ஊருக்கே விஷத்தைக் கொடுத்துவிட்ட ரிப்போர்ட்டில் இருப்பது அவள் பெயர். ஆத்திரம் தீர ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வாசல் கேட் அருகே அய்யாவு அவளுக்காகக் காத்து நின்றார்.

"புழு ரூம் சாவி, மேடம். குடுக்க மறந்துட்டேன்."

வாங்கிக்கொண்டு நகர்ந்தவள், மனசு கேட்காமல் திரும்பினாள்.

"உண்மையைச் சொல்லு அய்யாவு. எவ்வளவு வாங்கினே?"

"அந்த ஆளு கையால ஒரு டீகூடக் குடிச்சதில்ல மேடம்."

"அப்புறம் ஏன்?"

அய்யாவு தயங்கினார். யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"பொங்கல் சமயத்துல மொதப் பெட்டியில மூணு புழு செத்துப்போச்சே... 'ஒரு புழுவ உயிரோட வெச்சுக்கத் தெரியல, நீங்கள்லாம் டாக்டர் பட்டம் வாங்கி என்ன புண்ணியம்'னு டைரக்டர் எல்லார் எதிர்லயும் கேட்டாரே. நீங்க கண்ணாடிச் சாமான் கழுவுற எடத்துல நின்னு அழுதீங்க. நான்தான் சரியாத் தண்ணி தெளிக்கல போலன்னு நெனைச்சேன். அதுக்கப்புறம் எந்தப் பெட்டியில செத்தாலும் உங்களுக்குத் தெரியாமயே மாத்திடுவேன்."



முதல் பெட்டி வெறும் மண். அதில் புழு செத்தால் சோதனை கெட்டுவிட்டது என்று அர்த்தம். மற்றப் பெட்டிகளில் செத்தால் அதுதான் விடை. பதினோரு வருஷத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவளும்தான்.

"இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே அய்யாவு..."

"நீங்க அழுததை அவர்கிட்ட எப்படி மேடம் சொல்றது?"

ஜூடித் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் இன்னும் தீரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பையிலிருந்த கீரைக் கட்டை எடுத்து, துணியைப் பிரித்து, அவள் கையில் வைத்தார்.

"உங்களுக்குத்தான் கொண்டாந்தேன், மறுக்காம எடுத்துட்டுப் போங்க மேடம். எம்பொண்ணு ஜானகி தோட்டத்துக் கீரை. நல்ல எருன்னு நீங்க எழுதினதும், டிரைவர்கிட்டக் கெஞ்சி மொத லோடை அவ தோட்டத்துலதான் எறக்க வெச்சேன். ரெண்டு மாசமா வீட்டுல குழந்தைங்க உட்பட எல்லாரும் இதைத்தான் சாப்பிடுறோம்."