இத்தாலிக்காரரின் கடைசிப் படம்

“கத்தியை இன்னும் மேலே தூக்கச் சொல்” என்றார் இத்தாலிக்காரர்.

நான் தமிழில் சொன்னேன். நாற்பது பேர் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைத் தலைக்கு மேல் தூக்கினார்கள்.

தூக்கினார்களே தவிர, ஒருவர் முகத்திலும் கோபம் வரவில்லை. எல்லோரும் அந்தக் கறுப்புக் காமிராப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது சுட்டுவிடுமோ என்பதுபோல.

1932. எங்கள் எஸ்டேட் குன்னூருக்குக் கீழே இருந்தது. லண்டனில் தேயிலை வாங்க ஆளில்லை. பேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. பறிக்க வேண்டாம் என்று விட்ட கொழுந்து முற்றி, செடிகள் இடுப்புக்கு மேல் வளர்ந்து கிடந்தன.

அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரர் காமிராவோடு வந்து, ஆளுக்கு ஒரு வேளைச் சோறு போடுகிறேன், நடிக்க வாருங்கள் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கப்பலேற்றிக் கொண்டுபோகப் போகிறார்கள் என்றார்கள் சிலர். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்றார்கள் சிலர்.

கருப்பம்மாவின் சந்தேகம் வேறு. பங்களாப் புல்தரையில் கால் வைத்தாலே நாயை அவிழ்த்துவிடுகிற துரை, கத்தியோடு நாற்பது பேரை வாசல்வரை விடுகிறாரே, ஏன்? இரண்டு நாளாக என்னிடம் இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கிறவள்தான், ஆனால் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அவள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. நான் எஸ்டேட் ரைட்டர், ஆபீசில் கணக்கு எழுதி, துரைக்கும் லயத்துக்கும் நடுவில் பேசுகிறவன். சினிமா என்றால் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

இத்தாலிக்காரர் பெயர் செவெரினோ பாஸி. ஐம்பது வயதிருக்கும். அவர் ஊரில் ஒரு காலத்தில் கதாநாயகன். எண்பது படங்கள். அரைகுறை இங்கிலீஷில் எல்லாம் சொல்லியிருந்தார். யுத்தத்துக்குப் பிறகு அங்கே ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. கப்பலேறிக் கல்கத்தா வந்து, பத்து வருஷம் நம்முடைய ராஜா ராணிக் கதைகளை டைரக்ட் செய்தார்.

பிறகு படங்கள் பேசத் தொடங்கின. பாஷை தெரியாத டைரக்டரை யார் வைத்துக்கொள்வார்கள்?

மிச்சமிருந்த பிலிமோடு மலையேறி வந்திருந்தார். எஸ்டேட்டில் நடக்கும் ஒரு கலகம்தான் கதை. துரை பங்களாவையே கொடுத்தார். பதிலுக்கு ஒரு பிரதி மட்டும் போதும் என்றார். இதைக் காட்டி மறுபடியும் ஒரு கம்பெனிக்குள் நுழைந்துவிடலாம் என்று பாஸி நம்பினார்.

கூட்டத்தில் கோபம் வரவில்லை என்றதும் அவரே ஒரு கத்தியை வாங்கிக்கொண்டார். திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்து முன்வரிசைப் பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அடுத்த நொடி சிரித்துக்கொண்டே கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

“இப்போது ஓடிவரச் சொல்.”

ஓடினார்கள். அவர் கைப்பிடியைச் சுற்றினார். பெட்டி கரகரவென்று சத்தம் போட்டது.

பங்களாப் படிக்கு இருபது அடி இருக்கும்போது, முன்னால் ஓடிவந்த கருப்பம்மா நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதிக்கொண்டார்கள்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் துரை. அவர் பக்கத்தில் காக்கி உடுப்போடு இன்ஸ்பெக்டர்.

“ஏனுங்க ரைட்டரு, சினிமாவுக்கு எதுக்குங்க போலீசு? எங்களையெல்லாம் தொரத்தறதுக்குத்தானுங்களா இந்தப் படம்?”

கத்திகள் ஒவ்வொன்றாக இறங்கின.

அவள் கேட்டது சரிதான். காரணமில்லாமல் நாற்பது குடும்பத்தை லயத்தைவிட்டு வெளியேற்றினால் கலெக்டர் கேள்வி கேட்பார். கத்தியோடு பங்களாவில் ஏறினார்கள் என்று படம் காட்டினால் கேட்கமாட்டார்.

பாஸி சுற்றுவதை நிறுத்தினார். “என்ன சொல்கிறாள்?”

நான் பக்கத்தில் போய், அவர் காதருகே குனிந்து இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கருப்பம்மாவை. அவள் முகத்திலிருந்து வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவள் பார்த்த திசையில் ஜன்னலைப் பார்த்தார்.

காமிராவின் பக்கக் கதவைத் திறந்தார்.

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பிலிமை முழம் முழமாக வெளியே இழுத்துப் புல்தரையில் போட்டார். வெளிச்சம் பட்டால் அதில் ஒன்றும் மிஞ்சாது. துரை கத்திக்கொண்டே படியிறங்கி வருவதற்குள் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டரிடம் மட்டும் பாஸி ஒன்று சொன்னார். இவர்கள் நடித்தார்கள், நான் நடிக்கச் சொன்னேன், எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

அன்று மத்தியானமே மேட்டுப்பாளையம் போகும் ரயிலேறி மலையிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் படம் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

நாற்பது குடும்பமும் லயத்திலேயே இருந்தன. அரை வயிறுதான். ஆனாலும் இருந்தன.

மறுநாள் கருப்பம்மா வந்து என்னைக் கும்பிட்டாள். “நீங்க அவருகிட்ட சொல்லலீன்னா நாங்க இன்னிக்கு ரோட்டுலதானுங்க.”

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். அவள் சாகிறவரை, லயத்தில் ஒரு கல்யாணம் என்றால் முதல் வெற்றிலை எனக்குத்தான் வந்தது.

ஆபீசில் நான்கு ரைட்டர்கள் இருந்தோம். அந்த மாதம் மூன்று பேரை அனுப்பிவிட்டார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் யார் யார் கத்தியோடு ஓட வேண்டும் என்று துரைக்குப் பெயர் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அன்று பாஸியின் காதில் நான் சொன்னது, “சோறு எப்போது என்று கேட்கிறாள்.”