ஊமையன் கேட்ட ஓடை

ஜன்னலோரம் விரித்த கூடாரத் துணி வழியே மாலை வெயில் இறங்கி, அறையே பச்சையாகக் கிடக்கிறது. தையற்காரி அதன் கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிறாள். மேசைமேல் இருக்கும் கைபேசியில் காட்டு முகாமின் காவலர் பேசுகிறார். நாயோடு தங்கவிடும் முகாம் அது ஒன்றுதான். "குரைக்கிற நாய்னா இடமில்லக்கா. தண்ணிக்கு வர்ற மான் மிரண்டுடும்." கம்பளியை மடிக்கும் கணவர் சிரிக்கிறார். "எங்க ஊமையனா? திருடன் வந்தா வழி காட்டி அனுப்பும் தம்பி." பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து அந்த நாயை மீட்டு வந்து மூன்று வருஷம், ஒருமுறைகூட அது குரைத்ததில்லை. அவள் பார்க்காத வைத்தியமும் இல்லை. "அப்ப சரி. எங்க ஓடையக் கேளுங்க," என்கிறார் காவலர். கல்லில் தண்ணீர் உருளும் ஓசை அறையை நிறைக்கிறது. மேசைக்கடியில் ஒரு காது நிமிர்கிறது. ஊமையன் எழுந்து, நாற்காலியில் முன்னங்கால் ஊன்றி, கைபேசியை மோந்து பார்க்கிறது. பிறகு குரைக்கிறது. துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரே ஒரு குரல். ஊசி பாதித் துணியில் நிற்கிறது. கணவரின் கையிலிருந்து கம்பளி நழுவுகிறது. தன் குரலைத் தானே கேட்டு அசந்துபோய் ஊமையன் அவளைப் பார்க்கிறது. "என்னக்கா, குரைக்காதுன்னீங்களே?" அவள் கைபேசியை ஊமையன் பக்கம் நகர்த்துகிறாள். "இடம் தராட்டியும் போகுது தம்பி. போனை மட்டும் அங்கேயே பிடிச்சுக்கிட்டு இருங்க."