ஆற்றுக்கு அந்தப் பக்கம்

“எங்க மேட்டைப் பக்கத்துத் தொகுதியில சேர்த்துடுங்கய்யா” என்றாள் கெமுந்தோ.

தொகுதி எல்லைகளைத் திருத்தக் கருத்துக் கேட்டு நைரோபியிலிருந்து வந்திருந்த அதிகாரி முத்திசோ நிமிர்ந்தார். “ஏம்மா?”

“இந்த எம்.பி. வேண்டாம்.”

“அப்போ ஓட்டுல தோற்கடிங்க.”

“மூணு தடவையும் எதிர்த்துத்தான் போட்டேன். பாழாப்போன மனுஷன், ஜெயிச்சுத் தொலைக்கிறாரே!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறதென்று முத்திசோவுக்குப் புரியவில்லை.

“ஆள் பிடிக்கலைன்னு எல்லைக் கோட்டை நகர்த்த முடியாதும்மா. மக்கள்தொகை, ஆறு, மலை, பாதை, இதையெல்லாம்தான் அரசியல் சட்டம் பார்க்கச் சொல்லுது.”

“ஆறுதானே? நாங்க அக்கரை. மழை வந்தா பாலமே முழுகிடும். மேட்டுல மொத்தமே முந்நூறு பேர். நாங்க போனா இங்க ஒண்ணும் குறையாது.”

வரைபடமும் அதையே சொன்னது. முத்திசோவின் பென்சில் ஆற்றோடு வளைந்தது.

“சரி, பரிந்துரைக்கிறேன். ஆனா அவர் மறுபடி இங்கேதானே நிப்பார்?”

“நின்னா? வேற தொகுதிக்காரனுக்கு இந்த ஊர்ல யாருய்யா ஓட்டுப் போடுவா?”

“அவர் வேற தொகுதியா?”

“இப்பதானே அவர் வீட்டையும் அந்தப் பக்கம் தள்ளினீங்க!” கெமுந்தோ முகமெல்லாம் மலர்ந்தாள். “பதினஞ்சு வருஷமா விடிஞ்சா வாசல்ல நாற்பது பேர். அத்தனை பேருக்கும் நான்தான் டீ போடறேன். இனிமே என் புருஷனுக்கு மட்டும் போட்டாப் போதும்.”